உள்ளங்கைச் சீனி

கொதிக்கக் கொதிக்க ஒரு அண்டாப் பாயசத்தைத் தன் தலையில் கவிழ்த்தார்கள் என்றும், தான் உட்கார்ந்த இடத்தை விட்டு இம்மியும் அசையாமல், வழிந்து வந்ததை நக்கிப் பார்த்து, "சீனி கொஞ்சம் தூக்கல்" என்று மட்டும் சொன்னதாகவும், அதற்கப்புறம் ஒரு மாதம் வரைக்கும் தலையைத் துவட்டும்போதெல்லாம் காதிலிருந்து கஜுப்பருப்பு உதிர்ந்துகொண்டே இருந்ததாகவும் மாடசாமி சொல்வார்.

சொல்லும் இடம் பதுளையில், ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக் வாசலில் கிடக்கும் நீள வாங்கு, நோயாளிகள் உட்கார்கிற பெஞ்சு. அங்கே புதிதாக வருகிறவர்கள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்கள். சிலர் மழையும் வெயிலும் எட்டிப் பார்க்காத கூரைக்கு அடியில் குடையை விரித்துப் பிடித்திருப்பார்கள். இந்தக் கதை ஆரம்பித்ததும் துவாய் கொஞ்சம் விலகும், குடை கொஞ்சம் உயரும். இப்படிக் கூசாமல் புளுகுகிற மனுசனின் மூஞ்சி எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? மாடசாமிக்கு அதுதான் வேண்டும்.

வாங்கில் இருப்பவர்கள் நம்பாததில் அவருக்கு வருத்தமில்லை. ஹாலிஎலைக்கு மேலே அவர் வாழும் தேயிலைத் தோட்டத்தில் கேட்டால், பாயசம் கவிழ்ந்த அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்களும் போகாதவர்களும் சத்தியம் செய்வார்கள். நேரில் பார்த்தவர்களில் மறுப்பவர் ஒரே ஒருவர்தான். மாடசாமியின் மனைவி இராக்கம்மாவின் தம்பி புவனேந்திரன். வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் வாங்கி லொறியில் ஏற்றுகிற வியாபாரி. வாளி வழுக்கியது, இரண்டு சொட்டுத் தெறித்தது, அந்தாள் திகைத்துப்போய்ப் பேசாமல் இருந்தார், இதுக்குப் போய் ஒரு கதையா என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாளியைப் பிடித்திருந்ததே புவனேந்திரன்தான்.

மாடசாமி தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற ஃபேக்டரியில், ரோலர் மெஷினோடு வேலை செய்தவர். அவருக்குக் கோபம் வந்தால் ஹாலிஎலையிலிருந்து எல்ல வரைக்கும் கோழிகள் முட்டையைப் பாதியில் நிறுத்திவிடும். மலையேறும் ரயில் கூவுவதற்கு முன் ஒரு தரம் யோசிக்கும். அவர் வீசிய தேத்தண்ணிக் கேத்தல் ஒன்று இன்னும் கீழே வந்து சேரவில்லை என்று லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு பேச்சு உண்டு. கோபத்துக்குக் காரணம் வேண்டுமே என்று கேட்காதீர்கள். காரணம் எப்போதும் பின்னால்தான் வரும், மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாம் உடைந்த பிறகு.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம். ஆனால் அவருடைய காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், நுழைந்தால் சிரிப்பு வாசலோடு நின்றுவிடும். அங்கே கண்ணாடியில் ஒரு சாமான் கிடையாது. பீங்கானும் இல்லை, மண்சட்டியும் இல்லை. எல்லாம் எவர்சில்வர், அதுவும் நசுங்கியது. இராக்கம்மாவோடு பேசினால் அவள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வலது காதைக் கொடுப்பாள். இடது காது கேட்காது. எப்படிக் கேட்காமல் போனது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. லயத்தில் யாரும் கேட்டதுமில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அடித்தபின் மாடசாமி அழுவார். ஹாலிஎல பஜாருக்கு ஓடி அல்வா வாங்கி வருவார். அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் அதைத் தொடமாட்டாள். எறும்பு வரும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலங்கை உலகக்கிண்ணம் ஜெயித்த அன்று நாடு முழுக்கப் பட்டாசு. லயத்தில் பேட்டரியில் ஓடுகிற ஒரே டீவிக்கு முன்னால் தோட்டமே கூடியிருந்தது. படம் புள்ளி புள்ளியாக வந்ததால், விருந்தாளியாக வந்திருந்த புவனேந்திரன் நல்ல மனதோடு ஏரியலைத் திருப்பினார். கடைசி ஓட்டம் எடுக்கிற நேரத்தில் படம் அடியோடு போனது. அடுத்த கணம் புவனேந்திரனின் முன்பல் போனது. மாடசாமிக்கு நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது. கை வலித்த பிறகுதான் அடித்தது தான் என்று தெரிந்தது. வெளியே ஜெயித்ததற்கு வெடி போட்டார்கள். உள்ளே மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு பல்லைத் தேடினார்.

மறு வருடம் மகள் சிவசக்திக்கு வெலிமடைப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற பெண் அவள். வீட்டில் மட்டும் சத்தமாகப் பேசமாட்டாள். ஒரு நாள் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"அப்பா, நீங்க கல்யாணத்துக்கு வர வேணாம்."

மாடசாமி குவளையைக் கையில் வைத்திருந்தார். அவள் அந்தக் குவளையைப் பார்த்தாள். அது எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்த்து, பின்னால் நகர்ந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

"மாமாவே தாரை வார்த்துக் குடுக்கிறேன்னு சொல்லிட்டாரு. ஊருக்கு ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறோம்."

குவளை பறக்கவில்லை. அதற்கு மருந்து காரணமல்ல, மருந்து இன்னும் வரவில்லை. வெட்கம் காரணம். ஒடம்பு சரியில்லை என்று அவள் பொய்யாகச் சொன்னதுதான் அவருக்கு உண்மையாகப் பட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டு, கிளினிக் நாளைத் தெரிந்துகொண்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார். அங்கே இருந்தவர் டாக்டர் சுலோஜனா, யாழ்ப்பாணத்துக்காரி. டாக்டர் மாடசாமியிடம் எல்லாவற்றையும் கேட்டார். கேத்தல், பல், கடைசியில் காது. காதைச் சொல்லும்போது மாடசாமி மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் ஏதோ சொல்ல, பைத்தியமா என்று கேட்டார்.

"விசர் இல்லை ஐயா. ஆனா சும்மா குணம் எண்டு விடுற விசயமும் இல்லை. உங்களுக்கு யோசனை வர முந்தியே கை வந்திடுது. இந்த மருந்து வலிப்புக்குக் குடுக்கிறது. சில பேருக்குக் கையைக் கொஞ்சம் பிந்த வைக்கும். எல்லாருக்கும் வேலை செய்யாது. செய்தாலும், அந்த இடைவெளிக்குள்ள என்ன செய்யிறது எண்டு மருந்து சொல்லித் தராது. அதை நீங்கள்தான் பழக வேணும்."

"என்னத்தைம்மா பழகுறது?"

"கோபம் வரேக்கை கையைப் பொத்தாதேங்கோ. விரிச்சு வையுங்கோ."

இரத்தம் சோதித்தார்கள். குடிக்கக் கூடாது என்றார்கள். மாத்திரைப் பையோடு வெளியே வந்தவர், தோட்டத்துப் பெண் ஒருத்தி எதிரே வருவதைக் கண்டார். என்னண்ணே, இங்க என்ன வேலை என்று அவள் கேட்டதும் மாடசாமியின் வாயில் தானாக வந்தது ஒரு சொல்: சீனி.

அவர் பஸ் பிடித்து ஹாலிஎலையில் இறங்குவதற்குள் அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்ற செய்தி தோட்டத்துக்குப் போய், மேல் டிவிஷனைச் சுற்றி, கீழ் டிவிஷனில் பாவக்காய்ச் சாறாக மாறி அவருடைய வாசலில் காத்திருந்தது.

தோட்டத்தில் தேத்தண்ணிக்குச் சீனி கலப்பதில்லை. குவளையை ஒரு கையில் கொடுத்து, மற்றக் கையின் உள்ளங்கையில் சீனியைக் கொட்டுவார்கள். நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். மாடசாமிக்கு இனி எந்த வீட்டிலும் அந்தக் கை நிரம்பவில்லை. வெறும் சாயத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவக்காயில் தொடங்கி வெந்தயம், ஆவாரம்பூ, பேர் தெரியாத வேர் என்று மலையில் கசப்பாக முளைத்ததெல்லாம் அவருடைய வயிற்றுக்குள் போனது. ஊவாவில் அப்புறம் ஒரு வருடத்துக்குக் கசப்புச் சாமானுக்கே தட்டுப்பாடு என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். அவர் அத்தனையையும் குடித்தார். பைத்திய மாத்திரை தின்கிறவன் என்பதைவிட அது இனிப்பாகத்தான் இருந்தது.

முதலில் மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது. ரோலரடியில் நின்றபடியே தூங்கிவிழப் பார்த்ததால் டாக்டர் அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினார். வாரங்கள் போயின. ஒரு நாள் சோற்றில் கல் கடித்தது. மாடசாமி தட்டைப் பார்த்தார். கோபம் வந்தது, வராமலில்லை. ஆனால் முன்பெல்லாம் மலையிலிருந்து உருண்டு வருகிற பாறை மாதிரி வந்தது, இப்போது காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, பிந்தி வருகிற ஆள் மாதிரி நடந்து வந்தது. அது வந்து சேர்வதற்குள் அவருக்குத் தட்டும் தெரிந்தது, தட்டுக்கு அப்பால் சுவரோடு ஒட்டி நின்ற இராக்கம்மாவும் தெரிந்தாள். இத்தனை வருடமும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட முயன்றார். 

நடுவில் ஒரு தரம், நல்லாகிவிட்டோமே, இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினார். அந்த வாரமே கதவின் பாதி முற்றத்தில் கிடந்தது. கதவைத் திருப்பி மாட்டியபின் தானாகவே கிளினிக்குக்குப் போய், டாக்டர் முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றார்.

இராக்கம்மா எதுவும் கேட்கவில்லை. ஆனால் சீனி வருத்தத்துக்கான மாத்திரை ஒருவனுடைய கையை இறக்காது என்று அவளுக்குத் தெரியும். கதவை மாட்டிய அன்று சாயங்காலம் அதைச் சாத்தினாள். தேத்தண்ணிக் குவளையை அவருடைய இடக்கையில் கொடுத்தாள். அவருடைய வலக்கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். சீனி இருக்கிற கையைப் பொத்த முடியாது, பொத்தினால் சிந்தும். டாக்டர் சொன்னதைச் செய்ய அவருக்கு அன்றைக்குத்தான் வழி பிடிபட்டது. அதிலிருந்து தினமும் கதவைச் சாத்திவிட்டுச் சீனி கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. மாத்திரை காதைத் திருப்பித் தரவில்லையே.

கல்யாணத்துக்கு அவர் வரலாம் என்று சிவசக்தி கடைசியில் சொன்னாள். புவனேந்திரன் விதித்த நிபந்தனைகளோடு. தாரை வார்ப்பது மாமன்தான். அப்பா மண்டபத்தின் பின்வரிசையில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாட்டசாட்டமான சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர். மாடசாமி எல்லாவற்றுக்கும் சரி என்றார். தன் மகளுடைய தாலியை, முன்னால் இருந்தவர்களின் தலைகளுக்கு நடுவில், எட்டி எட்டிப் பார்த்தார். அட்சதை அவருடைய கையிலிருந்து பாதி வழிதான் போனது.

சாப்பாட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிர்ப்பந்தியில் இருந்தார்கள். புவனேந்திரன் பாயச வாளியோடு பரிமாறி வந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல சிரிப்புக்காரர். மச்சான் பல்லு எங்க, கரட்டுக் கடிச்சதில போயிருச்சா என்று சத்தமாகக் கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. புவனேந்திரனின் வாய் மூடிக்கொண்டது. அவர் அப்போது நின்றது மாடசாமியின் இலைக்கு முன்னால். வாளி உயர்ந்தது, சரிந்தது.

அண்டா இல்லை, வாளிதான். கொதிக்கவில்லை, வெதுவெதுப்புத்தான். ஆனால் முழு வாளி. சவ்வரிசி நெற்றியில் இறங்கி, கஜுப்பருப்பு காதோரம் தங்கி, கல்யாணத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை ஒட்டிக்கொண்டது. சிரிப்பு அறுந்தது. இரண்டு பக்கமும் இருந்த வாட்டசாட்டமானவர்கள், அவரைப் பிடிக்க வேண்டியவர்கள், எழுந்து தள்ளி நின்றுகொண்டார்கள்.

கோபம் வந்தது. மாத்திரை அதைக் கொல்லவில்லை. அது மண்டபத்தின் வாசலிலிருந்து தன்னை நோக்கி நடந்து வருவது மாடசாமிக்குத் தெரிந்தது. வந்து சேர்ந்தால் மச்சானின் மிச்சப் பல்லும் போகும். வலக்கை மூடியது. அந்த நேரத்தில் வழிகிற பாயசத்துக்கு ஊடாக மகளைப் பார்த்தார்.

சிவசக்தி பாயசத்தைப் பார்க்கவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள். எவ்வளவோ தூரத்தில், எதிர்ப்பந்தியில், புதுத் தாலியோடு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், முழங்கையை உயர்த்தித் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து மறைக்கிற அதே மாதிரி. மாப்பிள்ளை அவளை விளங்காமல் பார்த்தான்.

அதற்குமேல் ஒரு அவமானம் பாயசத்தால் செய்ய முடியாது.

மாடசாமி விரல்களை விரித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில், உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் ஏந்தினார். சொட்டியது நிரம்பியது. நக்கினார்.

"சீனி கொஞ்சம் தூக்கலா இருக்கு மச்சான்," என்றார்.

பதுளையில் அவரைக் கண்ட அதே பெண் பதறிக்கொண்டு தண்ணீரோடு ஓடிவந்தாள், சீனி வருத்தம் உள்ள மனுசனய்யா, வாயைக் கழுவச் சொல்லுங்க என்று. மாடசாமி அந்தத் தண்ணீரை வாங்கவில்லை.

"எனக்குச் சீனி இல்லம்மா. கோவம். அதுக்குத்தான் மாத்திரை எடுக்கிறேன்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் வெலிமடைக்கே கேட்டது. சம்பந்தி அம்மாள் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். யாரோ மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார்கள். இராக்கம்மா மட்டும் வலது காதை இந்தப் பக்கம் திருப்பியபடி நின்றிருந்தாள். பிறகு சமையல் கட்டுக்குள் போனாள். ஒரு பிடி சீனியோடு வந்தாள். பாயசம் பிசுபிசுத்த அந்தக் கையில், அத்தனை பேருக்கும் முன்னால், கதவு ஏதும் சாத்தாமல், கொட்டினாள்.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். சம்பந்தி வீட்டில், இது பரம்பரையாக வருமா என்று சிவசக்தியிடம் வெகு நாள் கேட்டார்கள். தலைத்தீபாவளிக்கு அவள் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு வந்தாள். அப்பா தேத்தண்ணிக்குக் கை நீட்டியபோது அவள் முகத்தை மறைக்கவில்லை, ஆனால் முழங்கை கொஞ்சம் அசைந்தது. அதை மாடசாமி பார்த்தார். மாத்திரையை விடவே இல்லை.

புவனேந்திரன் மட்டும் வாளி வழுக்கிய கதையைப் பஜார் பஜாராகச் சொல்லி வந்தார்.

வருடங்கள் போயின. டாக்டர் சுலோஜனா மாறிப் போய் வேறு டாக்டர் வந்தார். மாடசாமி ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்றார். கிளினிக் வாங்கில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்தது. ஒரு நாள் புதிதாக வந்திருந்த வாஹித் என்ற லொறி டிரைவர் துவாய்க்குள் ஒளிந்திருந்தார். மாடசாமி வழக்கம்போல அண்டாவைக் கவிழ்த்தார். அன்றைக்குக் காதிலிருந்து கஜுவோடு முந்திரிகை வற்றலும் விழுந்தது. துவாய் விலகியது.

"சும்மா போங்க பெரியவரே. ஒரு அண்டாப் பாயசம் தலையில ஊத்துனா ஆள் வெந்து போயிருப்பாரு."

"அண்டா இல்ல," என்றது வாங்கின் மறுகோடியில் விரிந்திருந்த ஒரு கறுப்புக் குடை. "வாளி."

குடை இறங்க வெகு நேரம் எடுத்தது. உள்ளே புவனேந்திரன். பல் போன இடத்தை உதடு மூடியிருந்தது. குடைக் காம்பைப் பிடித்த கை வெளுத்திருந்தது.

"என்ன மச்சான், இந்தப் பக்கம்?" என்றார் மாடசாமி.

"சீனி," என்றார் புவனேந்திரன். "சீனி வருத்தம் பாக்க வந்தேன்."

மாடசாமி சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டச் சொன்னார். புவனேந்திரன் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு காம்பிலிருந்து விரல்களை எடுத்தார். சீனி உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை நக்கவில்லை. சிந்தாமல் பிடித்திருந்தார்.

"நேத்து என் சின்ன மக ஏதோ கேட்டா மச்சான். நான் திரும்புனேன், அவ்வளவுதான். முழங்கைய ஒசத்தி மூஞ்ச மூடிக்கிட்டா. அன்னைக்கு ஒங்க சிவசக்தி மூடுன மாதிரியே."

வாஹித் துவாயை மடியில் வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் பெரியவர் சொன்னது நிசம்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

புவனேந்திரன் தன் கையில் இருந்த சீனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வாளி வழுக்கல. நாந்தான் ஊத்துனேன். அவரு நக்கிப் பாத்துட்டு, சீனி தூக்கல்னாரு. நடந்ததுதான்."